டெவ்எம் வச்சு நெட்வொர்க் டிரைவர்: வருஷக்கணக்கா ஓட்டினதுல தெரிஞ்சது

ப்ரோப் ஃபங்க்‌ஷன் (டிவைஸ் கிடைச்சதும் கெர்னல் டிரைவர்ல கூப்பிடறது) அடியில, எர்ரர் வந்தா குதிச்சு வந்து வாங்கினதை விடுறதுக்குன்னு வரிசையா கோட்டூ லேபிள் தொங்குமே, அதுல வெறுத்துப் போய்தான் டெவ்எம் (வாங்கினதை டிவைஸோட கட்டி வச்சு தானா விடுற கெர்னல் வசதி) பக்கம் வந்தேன். லினக்ஸ் 2.6.21ல, 2007லயே வந்த விஷயம். ப்ரோப் பாதில ஃபெயிலானா க்ளீனப் பண்றதுல இதை அடிச்சுக்க ஆளில்ல, மெமரி, ரெஜிஸ்டர் மேப்பிங், க்ளாக் எல்லாத்தையும் வாங்கின வரிசைக்கு நேர் தலைகீழா அதுவே விட்டுடும், நாம எர்ரரை ரிட்டர்ன் பண்ணா போதும்.

தலைவலி ரிமூவ்லதான், அதாவது டிவைஸையோ டிரைவரையோ கழட்டும்போது ஓடுறதுல. டெவ்எம்ல வாங்கினதெல்லாம் ரிமூவ் முடிஞ்ச பிறகுதான் ரிலீஸ் ஆகும், அதனால இன்டரப்ட்டை (ஹார்ட்வேர் கவனம் கேட்டு அனுப்பற சிக்னல்) டெவ்எம்ல வாங்கிட்டு நெட் டிவைஸை மட்டும் ரிமூவ்ல கையால ஃப்ரீ பண்ணிட்டா, அந்த இடைவெளில ஒரு இன்டரப்ட் வந்தா போதும், அதைக் கவனிக்கிற ஹேண்ட்லர் போய் ஃப்ரீ ஆன மெமரியைத் தொடும். நான் இன்டரப்ட்டை ஓப்பன்ல (இன்டர்ஃபேஸ் அப் ஆகும்போது) வாங்கி ஸ்டாப்ல (டவுன் ஆகும்போது) விடறதோட சரி. பல டிவைஸ் பகிர்ந்துக்கிற ஷேர்டு இன்டரப்ட்டா இருந்தா CONFIG_DEBUG_SHIRQ கான்ஃபிக்கை ஆன் பண்ணுங்க, விடுற நேரத்துல கெர்னலே வேணும்னு ஒரு போலி இன்டரப்ட் அடிக்கும், கூட கேசானும் (KASAN, தப்பா மெமரியைத் தொடுறதைப் பிடிக்கிற கெர்னல் டூல்) இருந்தா இந்த மாதிரி பக் அங்கேயே மாட்டிக்கும்.

கேபிள் புடுங்கினா ரிங் பஃபரையெல்லாம் (கார்டும் டிரைவரும் பாக்கெட் கைமாத்துற வட்ட வரிசை) கலைக்கிற டிரைவர் பார்த்திருக்கேன், எதுக்குன்னே புரியல. கேரியர் ஆஃப்னு, அதாவது லிங்க் இல்லன்னு, கெர்னல்கிட்ட சொன்னா போதும், மேல இருக்கிற லேயர் பாக்கெட் அனுப்பறதை நிறுத்திடும். சொல்லாம விட்டா க்யூ நிரம்பி நின்னு, டிஃபால்ட் 5 செகண்ட் தாண்டினதும் கெர்னலோட கண்காணிப்பு டைமரான வாட்ச்டாக், டிஎக்ஸ் (பாக்கெட் அனுப்பற பக்கம்) டைம்அவுட்னு கத்தும்.

அந்த டைம்அவுட் டைமர்ல இருந்து வர்றதால அங்க தூங்க முடியாது, கார்டை ரீசெட் பண்றதை வொர்க் க்யூல (தூங்கலாம்ங்கிற இடத்துல பிறகு ஓடும்) போடுவோம், அது ஆர்டிஎன்எல் லாக் (நெட்வொர்க் செட்டிங் மாத்தறதுக்கான கெர்னலோட பொது லாக்) கேட்கும். ஸ்டாப் ஃபங்க்‌ஷனோ ஏற்கனவே அதே லாக்கோட வருது, அங்க போய் வொர்க்கை கேன்சல் பண்ணி முடியுற வரைக்கும் காத்திருந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துட்டு நிக்கும், டெட்லாக். கேன்சலை ரிமூவ்ல அன்ரெஜிஸ்டருக்கு அப்புறம், ஃப்ரீக்கு முன்னாடி வைங்க, ரீசெட் உள்ள லாக் எடுத்ததும் டிவைஸ் ஓடுதான்னு ஒரு செக் போட்டுடுங்க.

லினக்ஸ் 6.5ல வந்த, ஸ்கோப் முடிஞ்சதும் லாக்கைத் தானா விடுற கார்ட் மேக்ரோவையும் தொட்டுப் பார்த்தேன், சின்ன ஃபங்க்‌ஷனுக்கு ஓகே. ஆனா நெட்வொர்க்கிங் மெயின்டெய்னர்கள் 20 வரிக்கு மேல போனா அது வேணாம்னு டாக்குமென்டேஷன்லயே எழுதி வச்சிருக்காங்க, டெவ்எம் மேலயும் அவங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்ல. பேட்ச் அனுப்பற ஐடியா இருந்தா கோட்டூவை மறந்துடாதீங்க.