ட்ரூகிரிப்ட் போய் வெராகிரிப்ட் வந்த கதை: ஒரு கணக்குப்பிள்ளையின் அனுபவம்

நான் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஊரார் பான் அட்டையும் வங்கிக் கணக்கு விவரமும் என் லேப்டாப்பில்தான் கிடக்கும். அவற்றைப் பூட்டி வைக்க முதலில் ட்ரூகிரிப்ட்: கோப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டும் குறியாக்க மென்பொருள். 2014 மே மாதம் அதன் தளத்தில் திடீரென ஓர் அறிவிப்பு: இது பாதுகாப்பானதல்ல, வேறொன்றுக்கு மாறுங்கள். எழுதியவர்கள் யாரென்றே தெரியாது. யாரைப் போய்க் கேட்பது?

நல்லவேளை, அதன் மூலநிரல் யாரும் படித்துப் பார்க்கும்படி வெளியில் இருந்தது. பாதுகாப்பு வல்லுநர்களான மாத்யூ கிரீனும் கென்னத் வைட்டும் 2013-லேயே பொதுமக்களிடம் பணம் திரட்டி அதைத் தணிக்கைக்கு விட்டிருந்தார்கள். 2015 ஏப்ரலில் முடிவு வந்தது: குறைகள் உண்டு, வேண்டுமென்றே வைத்த கள்ளவழி எதுவும் சிக்கவில்லை. அதே நிரலிலிருந்து பிரான்சில் மூனிர் இத்ராஸி கிளைத்தெடுத்ததுதான் வெராகிரிப்ட். அதற்கு மாறினேன்.

முதலில் கண்ணில் பட்டது தாமதம். கடவுச்சொல்லை அடித்து எண்டர் தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வேன், அப்புறம்தான் திறக்கும். ட்ரூகிரிப்ட் கடவுச்சொல்லைச் சாவியாக்க அதை 1,000, 2,000 சுற்று அரைத்தது. இது 5 லட்சம் சுற்று. எனக்கு ஒருமுறை காத்திருப்பு. ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்கும் திருடனுக்கு ஒவ்வொரு முறையும்.

2016-இல் குவார்க்ஸ்லேப் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதையும் தணிக்கை செய்து 8 கடுமையான ஓட்டைகளைக் கண்டுபிடித்தது. அறிக்கையைத் தரவிறக்கிப் படித்தேன். பாதி புரியவில்லை. எது சரிசெய்யப்பட்டது, எது பாக்கி என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. என் தொழிலில் அது போதும்: குறையே எழுதாத தணிக்கை அறிக்கையைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நடுவில் 'ராணுவத் தரக் குறியாக்கம்' என்று டப்பாவில் அச்சிட்ட பென் டிரைவ் ஒன்றும் வாங்கினேன். என்ன முறை, யார் சோதித்தார்கள் என்று கேட்டு எழுதினால், பாதுகாப்பு கருதிச் சொல்ல இயலாதாம்! இப்போது அதில் பாட்டுகள் இருக்கின்றன. 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார், தாமே குறியாக்கம் செய்யும் எஸ்எஸ்டி வட்டுகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, சிலவற்றில் கடவுச்சொல்லுக்கும் தரவைப் பூட்டும் சாவிக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது.

வெராகிரிப்டில் ஒருமுறை பதறியதும் உண்டு. 1.26 பதிப்புக்கு மாறியதும் பழைய ட்ரூகிரிப்ட் கோப்பு திறக்கவில்லை. அந்த வசதியை எடுத்துவிட்டதை வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியிருந்தார்கள். படிக்காதது என் தப்பு. 1.25.9-ஐ மறுபடி நிறுவி, எல்லாவற்றையும் புதுக் கோப்புக்கு மாற்றி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.