காந்தக் குழம்பு, 250 கிராம் குப்பி: எண்பது விழுக்காடு எதில்?

எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்காக, பாலிமர் பூசிய கார்போனைல் இரும்புத் துகள்களை (மிக நுண்ணிய, தூய இரும்புத் தூள்) எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கலந்து விற்கும் ஒரு குப்பியை வாங்கினோம். மெதுவாகக் கலக்கினால் தேன்போல் ஓடும், வேகமாகக் கலக்கினால் கல்லாக இறுகும் என்று விளம்பரம் சொன்னது. வந்த குழம்போ, எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் ஓடிக்கொண்டே இருந்தது.

காரணம் ஒட்டுச்சீட்டிலேயே இருந்தது. 'இரும்பு 80 விழுக்காடு' என்பது எடைக் கணக்கு. இரும்பின் அடர்த்தி கிளைக்காலைப்போல் ஏழு மடங்கு என்பதால், கன அளவில் அது 36 விழுக்காடுதான். இந்த வகை இறுக்கத்துக்கோ ஏறத்தாழ 60 வேண்டும். மூன்று நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த திரவத்தில் சுமார் 28 மில்லி லிட்டரைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்தபின், அதே குழம்பு கண்ணாடிக் கோலைச் சட்டென்று கவ்விப் பிடித்தது. கையை நிறுத்தியதும் விட்டுவிட்டது.

சோள மாவுக் கரைசலிலும் இதைக் காணலாம் என்றாலும், இங்கே காந்தம் சேர்வதுதான் சுவை. துகளைப் போர்த்திய பாலிமர் இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் துகள்கள் உரசாமல் நழுவுகின்றன. கலக்கும் விசை அந்தத் தள்ளலை மீறும்போது இரும்போடு இரும்பு உராய்ந்து, பாத்திரம் முழுவதும் ஒரு சாரம் கட்டியதுபோல் பிடித்துக்கொள்கிறது. காந்தப்புலம் துகள்களை நெருக்குவதால், அந்த எல்லை குறைந்த வேகத்திலேயே வந்துவிடுகிறது. பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள் 2016-இல் இதை வெளியிட்டபோது பூச்சாகப் பயன்படுத்தியது, கான்கிரீட்டை இளக்கச் சேர்க்கும் பாலிமர் வகையைத்தான். பக்கவாட்டில் ஒரு சிறு காந்தத்தை வைத்தபோது, முன்பு தடையின்றி ஓடிய வேகத்திலேயே எங்கள் கோல் நின்றுபோனது. மாணவர்கள் மாறி மாறிச் செய்து பார்த்தார்கள்.

இணைத்திருந்த கையேடு இதைச் சாதாரணக் காந்தப் பாய்மத்தோடு குழப்புகிறது. 1948-இல் ஜேக்கப் ராபினோ உருவாக்கிய அந்த வகையில், புலத்தில் துகள்கள் சங்கிலியாக அணிவகுப்பதே இறுக்கத்துக்குக் காரணம். புலமின்றி அது இறுகாது. இந்தக் குழப்பத்தால், வாங்குபவர் எதைச் சோதிக்கிறோம் என்றே அறியாமல் போவார்.

துகளின் தரத்தில் குறையில்லை: மூன்று நாளில் படிந்தது சிறு கலக்கலிலேயே எழுந்தது, கட்டி தட்டவில்லை. ஐந்துக்கு மூன்று தருகிறேன். அடுத்த முறை உலர்ந்த தூளாகவே வாங்கி, திரவத்தை நாங்களே அளந்து சேர்ப்போம்.