மாலை மக்தபா, முழுநேர இஸ்லாமியப் பள்ளியா?

ஐந்து வயதுப் பிள்ளையை எங்கே குர்ஆன் ஓதவைப்பது? தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

மக்தப் என்பது பள்ளிவாசலை ஒட்டி நடக்கும் ஓதல் வகுப்பு. அங்கே நேரம் குறைவு, பாடமோ ஆழம். அலிஃப், பா என்ற அரபு எழுத்துகளில் தொடங்கி, எழுத்துக்கூட்டி, குர்ஆனின் கடைசிப் பகுதியான, 37 சூராக்கள் (அத்தியாயங்கள்) கொண்ட அம்ம ஜுஸ்வுக்குப் பிள்ளை வருகிறது. ஸீன், ஸாத் என்ற இரண்டு எழுத்துகளும் தமிழ் நாவுக்கு ஒன்றுபோலவே வரும். ஓதிக்கொடுக்கும் ஆசிரியரான ஹஜ்ரத் எதிரே உட்காரவைத்து, நாக்கு எங்கே படவேண்டும் என்று காட்டித் திருத்துவார். இந்தத் தனிக் கவனிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். கூடவே கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழி, தொழுகைக்குமுன் கைகால் முகம் கழுவும் ஒளு செய்யும் முறை, தொழுகை, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ஓதும் துஆக்கள் (வேண்டுதல்கள்).

முழுநேரப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியலோடு ஓதலும் கால அட்டவணையில் இருக்கும். லுஹர் என்ற நண்பகல் தொழுகையை ஜமாஅத்தாகவே (எல்லோரும் சேர்ந்தே) தொழுவார்கள். காலையில் பள்ளி, மாலையில் மக்தப் என்று பிள்ளை சோர்ந்துபோவதில்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் கட்டணம் உண்டு. வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து ஓதினால் ஒருவன் உச்சரிப்புப் பிழை யார் காதிலும் விழாது.

தொடக்க வகுப்புகளுக்கு நான் மக்தபையே சொல்வேன். பகலில் பொதுப் பள்ளியில் பக்கத்து வீட்டு முருகனோடும் மேரியோடும் ஒரே பெஞ்சில் படித்துவிட்டு, மாலையில் ஓதப் போகட்டும். மக்தபே இல்லாத ஊர் என்றால் முழுநேரப் பள்ளிதான். சேர்க்கும்முன் ஓதல் வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள்.