கேஎல் சென்ட்ரலுக்கு ரயிலா, பஸ்ஸா, விமானமா?

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போக டிக்கெட் தேடும்போது, எங்கே இறக்கிவிடுவார்கள் என்று முதலில் பாருங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம். பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

பஸ் மலிவு, ராத்திரியிலும் கிடைக்கும். ஆனால் எல்லையைக் கடக்கும் காஸ்வே பாலத்தின் நெரிசலில் மாட்டினால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்லவே முடியாது, குடிநுழைவுச் சோதனைக்காக இரண்டு பக்கமும் இறங்கி ஏற வேண்டும், அதற்கப்புறம் பல பஸ்கள் ஊருக்குத் தெற்கே பண்டார் தாசிக் செலாத்தானில் இருக்கும் டிபிஎஸ் பஸ் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் போக இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும்.

விமானத்தில் பறப்பது ஒரு மணி நேரம்தான். இறங்கியதும் விமான நிலைய ரயிலான கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் ஓடி நேராகச் சென்ட்ரலில் விடும், ஆளுக்கு 55 ரிங்கிட். தனி ஆளுக்குச் சரி, நாலு பேர் என்றால் கிராப் வாடகைக் கார்தான் கட்டும்.

என் ஓட்டு ரயிலுக்கு. முன்பு கிம்மாஸில் வண்டி மாற வேண்டியிருந்தது, 2025 டிசம்பரில் மின்சார ஈடிஎஸ் ரயில் ஜொகூர் பாருவிலுள்ள (ஜேபி) ஜேபி சென்ட்ரல் நிலையம் வரை வந்துவிட்டதால் இப்போது அங்கிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஒரே வண்டியில் போய்விடலாம். சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸிலிருந்து ஜேபிக்கு எல்லை கடக்கும் தெப்ராவ் ரயிலில் ஐந்தே நிமிடம், போகும்போது இரண்டு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும்.

சென்ட்ரலில் இறங்குவதன் அருமை அதற்கப்புறம்தான் தெரியும். பத்துமலைக்கு கொம்யூட்டர் ரயில் அங்கிருந்தே நேராகப் போகிறது, இறங்கினால் கோயில் பக்கத்திலேயே, முட்டி வலியுள்ள அம்மாக்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இரட்டைக் கோபுரத்துக்கு கிளானா ஜெயா எல்ஆர்டியில் ஐந்தாவது நிறுத்தம். கடைவீதியான புக்கிட் பிந்தாங்குக்கு மோனோரயிலா எம்ஆர்டியா என்றால், மோனோரயிலுக்கு நு சென்ட்ரல் கடைத்தொகுதி வழியாக நடந்து போய் ஐந்து நிறுத்தம் போக வேண்டும், எம்ஆர்டிக்கும் மூசியம் நெகாரா நிலையம் வரை நடை உண்டு, ஆனால் அங்கிருந்து மூன்றே நிறுத்தம், வண்டியும் விசாலமானது, அதனால் நான் எம்ஆர்டியைத்தான் சொல்வேன். சாப்பாட்டுக்கு எந்த ரயிலும் வேண்டாம், வெளியே வந்து நடந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ், வாழையிலைக் கடைகள் வரிசையாக இருக்கும்.

ரயிலில் ஒரே சிக்கல் தெப்ராவ் டிக்கெட். வாரக் கடைசிக்கும் பள்ளி விடுமுறைக்கும் சீக்கிரமே தீர்ந்துவிடும், அதனால் அதையும் ஈடிஎஸ்ஸையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள், நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜேபியின் புக்கிட் சாகார் போகும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் திட்டம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றும் என்பதால் அது வந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.