நாகர்கோவில்ல பழைய கேமிங் பிசி வாங்கப் போறவங்க இத படிச்சிட்டுப் போங்க

மக்களே, டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி ஃபைட்டிங் கேம் ஆடணும்னு செகண்ட்ஹேண்ட் பிசி தேடிட்டு நாகர்கோவில் பக்கம் சுத்துறவங்களுக்குத்தான் இது. கேம் படத்த வரையுற கிராஃபிக்ஸ் கார்டு 1050 டிஐன்னு சொல்லி ஒரு கடைக்காரரு டூப்ளிகேட் கார்டு போட்ட பிசிய எனக்கு தலைல கட்டிட்டாரு, 27,000 ரூபா போச்சு.

எங்க சித்தப்பா மவன் துபாய்ல இருந்து பிஎஸ்5, அதாவது டிவில மாட்டி ஆடுற கன்சோல், கொண்டு வந்தான், லீவு முழுக்க அவன் வீட்டுலதான் கெடந்தேன், டெக்கன்ல வர்ற கசுயாவ வச்சு எலக்ட்ரிக்ங்கிற கஷ்டமான அடிய அடிக்கப் படிச்சது அதுலதான். அவன் திரும்பிப் போன பொறவு நான் பழைய பிஎஸ்4 ஒண்ணு கிடைக்குமான்னு கடைக்குப் போனா கடைக்காரரு சொல்லுறாரு, "டெக்கன் 8 பிஎஸ்4ல வராதுல்லா தம்பி, பிஎஸ்5ன்னா அம்பதாயிரம் பக்கம் ஆவும், ஆன்லைன்ல ஆட தனியா சந்தா கட்டணும், பிசின்னா ஆன்லைனுக்கு ஒரு பைசா வேண்டாம்." அவரு சொன்னது அத்தனையும் உண்மை, அதான் எனக்கு இன்னும் கடுப்பு. கடைல சான் ஆண்ட்ரியாஸ்னு ஒரு பழைய கேம ஓட்டிக் காட்டினாரு, அது எந்த ஓட்ட கம்ப்யூட்டர்லயும் ஓடும், நான் அத நம்பி பிசிய வாங்கிட்டேன்.

வீட்டுல வந்து டெக்கன் 7 போட்டா ஆளுங்க தண்ணிக்குள்ள நின்னு சண்டை போடுற மாதிரி இழுக்குது. மத்த கேம்ல செகண்டுக்கு வர்ற ஃப்ரேம், அதாவது படங்க, கொறஞ்சா காட்சி கொஞ்சம் வெட்டும், அவ்ளோதான், ஆனா ஃபைட்டிங் கேம்ல எல்லாக் கணக்கும் செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல ஓடுது, மெஷினால அத குடுக்க முடியலன்னா ஆட்டமே ஸ்லோமோஷன் ஆயிரும், ஆன்லைன்ல எதிர்ல ஆடுறவனுக்கும் சேத்து இழுக்கும், ஒருத்தனும் ரீமேட்ச் தர மாட்டான். எலக்ட்ரிக்குக்கு கடைசி டைரக்ஷனும் பட்டனும் ஒரே ஃப்ரேம்ல விழணும், அதாவது 16 மில்லி செகண்ட் சொச்சம், இந்த இழுவைல அது எங்கன விழ? கன்சோல்ல இந்த நொம்பலம் இல்ல, எல்லாரு கையிலயும் ஒரே மெஷின், கம்பெனிக்காரன் அதுக்குன்னே 60 நிக்குற மாதிரி செஞ்சு விடுறான்.

கடைக்கு போன் பண்ணினா "நெட்டு ஸ்லோவா இருக்கும் தம்பி"ன்னாரு. அண்ணே, நெட்ட புடுங்கிட்டு பிராக்டிஸ் மோடுலயும் இழுக்குதேன்னா "ஒங்க ஊருல வோல்டேஜ் கம்மி"ங்காரு. கொளச்சல்ல கரண்ட் கம்மியா வந்தா கசுயா மெதுவா அடிப்பானா, என்ன எளவு பேச்சு இது! டெக்கன் 8 தொறக்கவே இல்ல. கார்ட ஓட்டுற சாஃப்ட்வேரான டிரைவர புதுசா போட்டதும் ஸ்க்ரீன் மொத்தமா கருத்துப் போச்சு.

பொறவு கார்டோட விவரத்த காட்டுற ஜிபியு-இசட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், ஃப்ரீதான், அத போட்டுப் பாத்தேன். கார்டு பேருக்கு முன்னாடியே ஃபேக்னு அதுவா எழுதிக் காட்டுது. 1050 டிஐல கணக்குப் போடுற கோர் 768 இருக்கணும், இதுல 192. 2011ல வந்த 550 டிஐ மாதிரி பழைய கார்ட எடுத்து அதுக்குள்ள இருக்க அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸ மாத்தி எழுதி புது ஸ்டிக்கர் ஒட்டுறானுவ, விண்டோஸ்ல பேரு 1050 டிஐன்னுதான் தெரியும், மெமரி கூட 4 ஜிபின்னு கூசாம பொய் சொல்லும்.

மூடிய கழட்டினா ஃபேன் ஸ்டிக்கர் பளபளன்னு இருக்கு, பின்னாடி தகடு உப்புக்காத்துல துரு ஏறிக் கெடக்கு, அதுல நீல கலர் விஜிஏ போர்ட், பழைய மானிட்டர் வயரு மாட்டுற ஓட்டை. ஒரிஜினல் 1050 டிஐ சிப்புல விஜிஏ அவுட்புட்டே கிடையாது, அந்த நீல ஓட்டைய பாத்தாலே பேசாம எறங்கி வந்துருங்க. அந்தக் கார்டுக்கு பெரும்பாலும் தனி பவர் வயரும் வேண்டாம், என்னுதுல 6 பின் வயரு மாட்டி வச்சிருந்துது.

பிசி வேண்டாம்னு நான் சொல்ல வரல. நல்ல கார்டா இருந்தா ஃபைட்டிங் கேமுக்கு பிசி கொள்ளாம். கடைலயே உக்காந்து ஜிபியு-இசட் போட்டுப் பாருங்க, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6க்கு அத செஞ்ச கம்பெனி கேப்காம் ஃப்ரீயா விட்ட, மெஷின் வேகத்த அளக்குற பெஞ்ச்மார்க் டூல ஒரு பென்டிரைவ்ல கொண்டு போயி ஓட்டச் சொல்லுங்க, "அதெல்லாம் எதுக்கு தம்பி"ன்னு இழுத்தா கிளம்பிருங்க.

பில்லு கேட்டதுக்கு துண்டு பேப்பர்ல தொகைய மட்டும் கிறுக்கித் தந்திருக்காரு. 2019 நுகர்வோர் சட்டத்துல பில்லு தராததே முறையற்ற வியாபாரம்தான். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு கம்ப்ளெயிண்ட் பதிஞ்சாச்சு, அடுத்தது நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டு. இது தெரிஞ்சதும் கார்ட திருப்பித் தந்தா பாதி பைசா தரேன்னு ஆள் விட்டு சொல்லுறாரு. தர மாட்டேன், எனக்கு சாட்சியே அதுதான், தந்தா ஸ்டிக்கர மாத்தி இன்னொருத்தன் தலைல கட்டுவாரு. மார்த்தாண்டம், தக்கலை பக்கம் யாருக்காவது இதே மாதிரி ஆயிருந்தா துண்டு பேப்பர், ஜிபே ஹிஸ்டரி, வாட்ஸப் சாட் ஒண்ணையும் அழிச்சிராதீங்க, எனக்கு மெசேஜ் போடுங்க, சேந்து மனு குடுப்போம்.