ஜெனரேட்டர் ஓடும் தெருவில் எந்த ஹெட்போன்?

"மாமா, ஹெட்போன் வாங்கணும். எது நல்லா இருக்கும்?" என்று தங்கச்சி மகள் கேட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள், சாயங்காலம் மூன்று மணி நேரம் அவளுக்கு இணைய வகுப்பு. மற்ற நேரமெல்லாம் பாட்டு. கரண்ட் போனால் எங்கள் ரங்கூன் தெருவில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் முழங்க ஆரம்பித்துவிடும். அந்த இரைச்சலுக்கு நடுவில் வாத்தியார் சொல்வது காதில் விழ வேண்டும். கடையில் போய்க் கேட்டால் விலை கூடினதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதனால் வீட்டில் கிடந்ததையும் கூட்டாளிகளிடம் இரவல் வாங்கினதையும் சேர்த்து, நாலு வகையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது, காதுக்குள் ரப்பர் நுழையும் ஒயர் இயர்போன்: மூன்டிராப் சூ 2. இரண்டாவது, ஒயர் இல்லாத இயர்பட்ஸ்: ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ, இரண்டாம் தலைமுறை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கூட்டாளி லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. அவன் திரும்பிப் போகும்வரைதான் என் கையில் இருந்தது. மூன்றாவது, காதை முழுசாக மூடும் புளூடூத் ஹெட்போன்: சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4. நாலாவது என்னுடைய பழைய ஒயர் ஹெட்போன், ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ். விலையில் முதலாவதுக்கும் மற்றவற்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கேட்கிற சுகத்தில் அத்தனை வித்தியாசம் இல்லை என்பதுதான் என் கட்சி.

காதுக்குள் போகும் வகையில், சுகமும் சத்தமும் ஒரே இடத்தில்தான் தீர்மானமாகின்றன. ரப்பர் காதுத் துவாரத்தை அடைத்து உட்கார்ந்தால்தான் பாஸ் நிற்கும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ்ஸ்தாயி எல்லாம் வெளியே ஓடிவிடும். மிச்சமிருப்பது கீச்சுக் குரலாய்க் காதைக் குத்தும். "தகர டப்பா மாதிரி கேக்குது" என்று நல்ல இயர்போனைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும், நானே ஒருவன். பெட்டியில் பெரும்பாலும் சிறிசு, நடு, பெரிசு என்று மூன்று ஜோடி ரப்பர் வருகிறது. நாமோ மாட்டி வந்த நடு அளவோடேயே காலம் தள்ளுகிறோம். என் வலது காதுக்கு நடு, இடது காதுக்குப் பெரிசு. இது தெரியவே எனக்கு நாற்பது வயசு தாண்டவேண்டியிருந்தது.

சோதனை சுலபம். இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, பாஸ் கிடாரை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். விரலால் இயர்போனை லேசாக உள்ளே அழுத்தும்போது அந்தக் கிடார் சட்டென்று பருத்துக் கேட்டால் ரப்பர் சின்னது. அழுத்தினாலும் அப்படியே இருந்தால் சரியான அளவு. பத்து நிமிஷத்தில் காது உட்புறம் வலித்தால் பெரிசு. ரப்பர் ஒத்துவராதவர்கள் பஞ்சு மாதிரி அமுங்கும் ஃபோம் வாங்கிப் போடலாம். விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். வெளிச்சத்தத்தை ரப்பரைவிட நன்றாக அடைக்கும். ஆனால் சீக்கிரம் அழுக்காகும், சில மாதத்தில் மாற்ற வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்ததும் சூ 2 என்னைத் திகைக்க வைத்தது. உள்ளே ஒலி எழுப்புவது ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் டிரைவர். டி.எம்.எஸ். குரலில் இருக்கும் அந்தக் கம்பீரம் அப்படியே வருகிறது. சுசீலா அம்மா மேலே போகும்போது கீறல் இல்லை. அந்தக் காலத்துப் பாட்டு பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும் பதிவு. எந்த ஹெட்போனில் கேட்டாலும் பாடுகிறவர் மண்டைக்கு நடுவில்தான் நிற்பார். அதற்கு இயர்போனைக் குறை சொல்லிப் பயனில்லை. குரல் இயல்பாக இருக்கிறதா என்பதை மட்டும் அங்கே பார்க்கலாம். உச்சஸ்தாயி எப்படி என்று பார்க்க நாதஸ்வரம் போட வேண்டும். மேல்பக்கம் தூக்கலாக வைத்த கருவி என்றால் சீவாளிச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். சூ 2 கொஞ்சம் கூசியது, தாங்கிக்கொள்ளலாம். எம்50எக்ஸ் அதைவிடக் கூசியது.

ஒயர் இயர்போனின் வில்லங்கம் ஒயர்தான். சட்டையில் உரசினால் காதுக்குள் கரகர என்று கேட்கும். ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் போட்டால் பாதி குறையும். இன்னொன்று, போனில் ஒயர் மாட்டும் ஓட்டை இருக்கவேண்டும். 2016-ல் ஐபோன் 7-லிருந்து ஆப்பிள் அதை எடுத்தது. பிறகு விலை கூடின போன்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன. மலிவான போன்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. வசதி குறைந்தவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் யோகம். ஓட்டை இல்லாத போனுக்கு டைப்-சி மாற்று ஒயர் ஒன்று வாங்க வேண்டும். அதைத் தொலைப்பதற்கென்றே ஒரு கை நமக்கு உண்டு.

ஏர்பாட்ஸ் ப்ரோவைப் போட்டதும் முதலில் தோன்றியது, காதில் ஒன்றுமே இல்லை என்பதுதான். ஒன்று 5.3 கிராம். ஒரு சார்ஜில் 6 மணி நேரம் ஓடும்; டப்பாவில் வைத்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். பஸ்ஸில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. காதை அடைத்துக்கொண்டு வெற்றிலை மென்றால் அரைக்கிற சத்தம் மண்டைக்குள் உரல் இடிக்கிற மாதிரி கேட்கிறது. காது அடைபட்டால் எலும்பு வழியாக வரும் நம் சத்தம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே பெருகும் என்பதால் அப்படி. தவிர, தாடை ஆட ஆட இயர்பட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தபோது இடது பக்கம் நழுவி மடியில் விழுந்தது. லோன்ஜி மடிப்பில் தங்கியது கூட்டாளி செய்த புண்ணியம். ஜன்னல் பக்கம் விழுந்திருந்தால் தண்டவாளத்தில்தான் போய்ப் பொறுக்கியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை ஆயுள். அந்தச் சின்ன பேட்டரியைச் சாதாரணமாக மாற்ற முடியாது. இரண்டு மூன்று வருஷத்தில் 6 மணி நேரம் பாதியாகும். நம் ஊர்ச் சூடு அதை இன்னும் விரட்டும். முன்பு நான் வாங்கின வேறொரு கம்பெனி இயர்பட்ஸில் பதினாலாம் மாதமே வலது பக்கம் செத்துப்போனது. விற்ற கடைக்காரர், "ஒரு பக்கம் கேக்குதுல்ல அண்ணே" என்றார். ஆப்பிள் போன் இல்லாதவர்கள் ஏர்பாட்ஸுக்குப் போக வேண்டாம் என்றும் சொல்வேன். பாட்டு கேட்கும், ஆனால் அதன் உள் மென்பொருளைப் புதுப்பிக்க ஆப்பிள் கருவி வேண்டும், பாதி வசதி ஆண்ட்ராய்டில் வராது.

இனி சோனி. ஜெனரேட்டருக்கு மருந்து இதுதான். வெளியே இருக்கும் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் விட்டு இரண்டையும் மோதவைத்து அடக்குகிற வித்தை. போஸ் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸுக்கு 1978-ல் ஒரு விமானப் பயணத்தில் உதித்த யோசனை. 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாகச் சந்தைக்கு வந்தது. இந்த வித்தை சீரான, தாழ்ந்த சத்தத்தில்தான் நன்றாகப் பலிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதைத் தரும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் நிமிஷத்துக்குச் சுமார் 3000 சுற்று ஓடும். ஒரே சீராகத் தாழ்ந்து முழங்கும் அந்தச் சத்தம் பொத்தானை அழுத்தியதும் பாதாளத்துக்குப் போய்விடுகிறது. அனோரத்தா ரோட்டில் காளியம்மன் கோயிலைத் தாண்டி நடந்தேன். ஜெனரேட்டர்கள் மறைந்தன. கோயில் மணி, பழக்காரி கூவல், பஸ் ஹாரன் மூன்றும் மெலிந்தாலும் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. மேல்ஸ்தாயியில் திடீர் திடீரென்று வரும் சத்தத்தை இந்த வித்தை பிடிப்பதில்லை. காதை மூடும் பஞ்சுதான் அதை ஓரளவு தடுக்கிறது.

ஏர்பாட்ஸ் ப்ரோவிலும் இதே வித்தை உண்டு, நன்றாகவே செய்கிறது. ஆனால் சோனி ஒரு சார்ஜுக்கு 30 மணி நேரம் ஓடும். எங்கள் வட்டாரத்தில் கரண்ட் வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இது சாதாரண விஷயமில்லை. கரண்ட் வந்ததும் "மீ லா பி!" (கரண்ட் வந்தாச்சு!) என்று பிள்ளைகள் தெருவில் கத்துவார்கள். உடனே மோட்டார் போட வேண்டும், சோறு ஆக்க வேண்டும், போன், பவர்பேங்க், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். ஹெட்போனுக்கு ஒரு பிளக் மிஞ்சாது. வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்பது பெரிய ஆறுதல்.

இத்தனைக்கும் பிறகு தங்கச்சி மகள் அதை இருபது நிமிஷத்தில் கழற்றி வைத்துவிட்டாள். 254 கிராம் கனம் ஒரு காரணம். காதில் தோடு அமுங்கி வலித்தது இரண்டாவது காரணம். மூன்றாவது காரணம் கன்னத்தில் இருந்தது: தனக்கா, இங்கே பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து. அரைத்துப் பூசின தனக்கா காய்ந்து பொடியாகி, கறுப்புப் பஞ்சில் இரண்டு மஞ்சள் வட்டமாக ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்தால் போகும். தினம் துடைத்துக்கொண்டிருக்க முடியுமா? அந்தப் பஞ்சின் மேலிருப்பது நிஜத் தோலும் இல்லை. நம் மழைக்கால ஈரத்தில் இந்தச் செயற்கைத் தோல் செதில் செதிலாக உரியும். என் எம்50எக்ஸின் முதல் ஜோடி அப்படித்தான் போயிற்று, காதோரமெல்லாம் கறுப்புத் தூளோடு வேலைக்குப் போயிருக்கிறேன். ஏப்ரல் வெயிலில் மின்விசிறி இல்லாமல் காதை மூடுகிற எதையும் போடுவது தண்டனை.

எம்50எக்ஸைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 285 கிராம், தலையை இறுக்கிப் பிடிக்கும், பாஸும் தூக்கல், உச்சஸ்தாயியும் தூக்கல். ஆனால் பேட்டரி இல்லை, சாகாது. பஞ்சு மாற்றலாம், ஒயர் மாற்றலாம். மின்தடை 38 ஓம்தான் என்பதால் போனிலேயே போதுமான சத்தம் வரும். ராத்திரி கரண்ட் போன பிறகு, ஜெனரேட்டர்களும் அடங்கிய நேரத்தில் நான் எடுப்பது இதைத்தான். பின்பக்கம் திறந்த ஹெட்போன்களில் இசை இன்னும் விசாலமாக விரியும். ஆனால் உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். சுவருக்குச் சுவர் ஒட்டின ரங்கூன் மாடிவீட்டில் அதற்கு வேலையில்லை.

வகுப்புக்கு என்று பார்த்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. புளூடூத்தில் மைக்கையும் சேர்த்து உபயோகித்தால் வருகிற ஒலியின் தரம் டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும். விலை கூடின ஹெட்போனிலும் வாத்தியார் பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பது அதனால்தான். ஒயரில் அந்த இறக்கம் இல்லை, குரல் தாமதமாக வருவதும் இல்லை. மைக் வைத்த ஒயர் என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

காதுக்குள் போடுவதில் எனக்கு இருக்கும் ஒரே பயம் மழைக்காலம். ஜூன் முதல் அக்டோபர் வரை எதுவும் காயாது. ஈரக்காதில் மணிக்கணக்காக அடைத்து வைத்தால் அரிப்பு வரும், பூஞ்சை பிடிக்கும். குளித்த காதோடு போடக்கூடாது, ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும், ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக்கூடாது. சத்தத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். ஜெனரேட்டரை ஜெயிக்க வால்யூமை ஏற்றுகிறவர்கள் அந்த 4 மணி நேரத்தை ஒன்றிரண்டு நாளில் தின்றுவிடுவார்கள். வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கிற ஃபோம் இங்கே பாட்டுக்கு மட்டுமில்லை, காதுக்கும் காவல்.

போன சனிக்கிழமை ஹ்லேதானில் ஒரு கடைக்குப் போனோம். காதுக்குள் போடுவதைப் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. அதனால் வீட்டிலிருந்தே எங்கள் ரப்பர்களைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போயிருந்தேன். கடைப்பையன் சிரித்துவிட்டு ஒன்றைப் பிரித்துக் கொடுத்தான். மைக் வைத்த ஒயர் இயர்போன், அதோடு ஒரு ஜோடி ஃபோம், ஒரு டைப்-சி மாற்று ஒயர். மூன்றும் சேர்ந்தும் சோனி விலையின் ஓரத்துக்குக்கூட வரவில்லை. அன்று ராத்திரி தங்கச்சி மகள் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு அளவாக மாற்றிப் போட்டுப் பார்த்தாள். இடது காதுக்குச் சிறிசு, வலது காதுக்கு நடு.

"உங்க குடும்பக் காது மாமா," என்றாள். மாற்று ஒயரை அதற்குள் எங்கே வைத்தாள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.