ரெடிஸ் ரெப்ளிகாவோடு ஆறு வருடம்

ஒரு ஆன்லைன் கடையின் கேஷுக்காக (cache: அடிக்கடி கேட்கும் தகவலை டேட்டாபேஸைத் தொடாமல் சட்டென்று தரும் தற்காலிகச் சேமிப்பு) ஆறு வருடமாக ரெடிஸ் ஓட்டுகிறேன். தகவலை மெமரியிலேயே வைத்திருக்கும் மென்பொருள் அது. எழுத்தை வாங்கும் மாஸ்டர் ஒன்று, அதன் நகலான ரெப்ளிகா இரண்டு, மாஸ்டர் விழுந்தால் ஒரு ரெப்ளிகாவை மாஸ்டராக்கும் காவலாக சென்டினல். வேகத்தில் இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டதெல்லாம் நகல்கள் விஷயத்தில்தான்.

முதலில் மாட்டியது கூடை. வாடிக்கையாளர் பொருளைக் கூடையில் போடுவார், அடுத்த பக்கத்தில் கூடை காலியாக இருக்கும். ரெஃப்ரெஷ் செய்தால் பொருள் வந்துவிடும். எழுதுவது மாஸ்டரில், வாசிப்பது ரெப்ளிகாவில் என்று பிரித்து வைத்தது நாங்கள்தான். மாஸ்டரோ ரெப்ளிகாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்காமல் 'ஓகே' சொல்லிவிடும். சாதாரண நாளில் அந்த இடைவெளி கண்ணில் படாது. தள்ளுபடி நாளில் பட்டது. கூடை, கூப்பன், இருப்பு மூன்றையும் மாஸ்டரிலிருந்தே வாசிக்கும்படி மாற்றினோம். பொருளின் விவரமெல்லாம் இன்றும் ரெப்ளிகாவில்தான். அது அரை நொடி பழசாக இருந்தால் யாருக்கு நஷ்டம்?

ரெடிஸின் வெயிட் (WAIT) கட்டளையையும் பார்த்தோம். எழுத்து எத்தனை ரெப்ளிகாவுக்குப் போனது என்று எண்ணிச் சொல்லும், அவ்வளவுதான். எண்ணிக்கை குறைந்தாலும் மாஸ்டரில் எழுதியது எழுதியதுதான். சில இடங்களில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

அப்புறம் பேக்லாக், அதாவது கடைசியாக எழுதியவற்றை மாஸ்டர் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும் இடம். தொடர்பு அறுந்து திரும்பும் ரெப்ளிகா, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமென்றால் இடையில் எழுதியவை மாஸ்டரின் பேக்லாக்கில் இன்னும் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் முழு நகல். தானாக வரும் அளவு 1 எம்பி. எங்கள் எழுத்துக்கு அது சில நொடிகூடத் தாங்கவில்லை. நெட்வொர்க் தும்மினால் முழு நகல், மாஸ்டரில் மெமரி எகிறும். 256 எம்பி ஆக்கியபின் அந்தத் தொல்லை நின்றது.

எல்லாவற்றையும் விட மோசமான ராத்திரி ஒன்று உண்டு. கேஷ்தானே என்று மாஸ்டரில் டிஸ்கில் சேமிப்பதை நிறுத்தி வைத்திருந்தோம். ப்ராசஸ் விழுந்தால் தானாக எழும் ஏற்பாடும் இருந்தது. ஒரு நாள் விழுந்தது, இரண்டு நொடியில் எழுந்தது, வெறுங்கையோடு. மாஸ்டர் 30 நொடி பதில் தராவிட்டால்தான் விழுந்ததாகக் கொள் என்று சென்டினலுக்குச் சொல்லி வைத்திருந்ததால் அதற்கு எதுவுமே தெரியவில்லை. ரெப்ளிகா இரண்டும் ஒழுங்காக மாஸ்டரைப் பார்த்துத் தங்களையும் காலி செய்துகொண்டன! மொத்தக் கூட்டமும் டேட்டாபேஸ் மேல் விழுந்தது. கூடைகளை அங்கேயும் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம். இப்படி நடக்கும் என்று ரெடிஸ் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படிக்காதது எங்கள் தப்பு. இப்போது சேமிப்பும் உண்டு, பிந்தாத ரெப்ளிகா ஒன்றாவது இல்லாவிட்டால் மாஸ்டர் எழுத மறுக்கும் அமைப்பும் உண்டு.

2024 மார்ச்சில் ரெடிஸின் லைசென்ஸ் மாறியபோது வால்கீக்குத் தாவலாமா என்று பேச்சு வந்தது. வால்கீ ரெடிஸின் கோடிலிருந்தே பிரிந்த மென்பொருள் என்பதால் நகல் எடுக்கும் முறை அங்கேயும் இதேதான், அவசரப்படவில்லை.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் விலையைக் கேஷிடம் கேட்பதில்லை, நேராக டேட்டாபேஸிடம்தான்.